ஆரஞ்சு இல்லாத ஆரஞ்சு ஒயினும், காந்தலூர் பிளம்ஸ் பழமும்

பாலக்காட்டுக்கு மாற்றலாகி வந்த புதிது. கிறிஸ்துமஸ் சமயம். அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் உட்காரும் மலையாள நண்பர், "வீட்டில் முந்திரி ஒயின் போட்டிருக்கிறோம், சாயங்காலம் வாங்க" என்று கூப்பிட்டார். முந்திரிப் பருப்பு விற்கிற விலையில் அதில் ஒயின் போடுகிறார்களே, பெரிய இடம்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போனேன். அங்கே போய், பீங்கான் பரணியின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டிய பிறகுதான், மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை என்பது புரிந்தது. கேரளத்துக்குப் பிழைக்க வந்த நம்மவர்களில் பாதிப் பேருக்காவது இந்த அனுபவம் இருக்கும்.

அதே மாதிரி இன்னொரு பெயர்க் குழப்பத்தில் சென்ற ஆண்டு மாட்டிக்கொண்டேன். கோவையில் நூற்பாலை இயந்திரங்கள் சம்பந்தமான வேலையில் இருக்கும் என் பள்ளித் தோழர் ஒருவர் அலுவல் நிமித்தம் வட இத்தாலி போய்த் திரும்பினார். வரும்போது சுங்கத்தில் முறைப்படி காட்டிக் கொண்டுவந்த ஒரு பாட்டிலைத் தம் வீட்டில் எனக்குக் காட்டி, "இதற்குப் பெயர் ஆரஞ்சு ஒயின்" என்றார். கமலாப் பழத்தில் செய்ததா என்று கேட்டேன். சிரித்தார். அதில் ஆரஞ்சுப் பழம் ஒரு சுளை கூட இல்லையாம். முழுக்க வெள்ளைத் திராட்சை. நிறத்துக்காக ஏற்பட்ட பெயர் அது. 2004-ஆம் ஆண்டு டேவிட் ஹார்வி என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஒருவர் வைத்த பெயர் பிறகு உலகமெங்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. இந்தக் கட்டுரையும் குடியைப் புகழ எழுதப்பட்டதல்ல. ஆனாலும் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற தைரியத்தில் ஒரு வாய் பருகிப் பார்த்தேன். கட்டன் சாயாவை வெயிலுக்கு நேரே பிடித்தால் தெரியுமே, அந்த நிறம். வாயில் வைத்ததும் இனிப்பை எதிர்பார்த்த நாக்குக்கு ஏமாற்றம். கொட்டைப்பாக்கைக் கடித்தாற்போல ஒரு துவர்ப்பு ஈறில் பிடித்தது. பிறகு மெதுவாக உலர்ந்த பழத்தின் மணம். கொஞ்சம் கலங்கலாகவும் இருந்தது. "கெட்டுப் போய்விட்டதோ?" என்றேன். "இருபது வருஷத்துக்கு முன் இத்தாலிக்காரர்களே அப்படித்தான் சொன்னார்கள்" என்றார் தோழர். பிறகு அவர் சொன்ன கதையின் முடிவில், "இதைக் கேட்டதிலிருந்து எனக்கு நம் காந்தலூர் ஞாபகமாகவே இருக்கிறது" என்றார். அவருடைய தாய்வழி உறவு காந்தலூரில் இருக்கிறது. எனவே இத்தாலிக் கதையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு மலையேறுகிறேன்.

தோலில் இருக்கிறது சூட்சுமம்

கறுப்புத் திராட்சையைக் கையில் எடுத்து உரித்துப் பாருங்கள். உள்ளே சதை வெளிர் பச்சைதான். நிறமெல்லாம் தோலில். சிவப்பு ஒயின் செய்கிறவர்கள் பழத்தை நசுக்கித் தோலோடு புளிக்க விடுகிறார்கள். தோலின் சாயமும் துவர்ப்பும் சாற்றில் இறங்குகின்றன. வெள்ளை ஒயினுக்கோ வெள்ளைத் திராட்சையைப் பிழிந்த கையோடு தோலை எடுத்து எறிந்துவிட்டு, சாற்றை மட்டும் புளிக்க வைப்பது வழக்கம். ஆரஞ்சு ஒயினில் வெள்ளைத் திராட்சையையும் சிவப்புப் போலவே தோலோடும் விதையோடும் நாட்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஊற வைக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். தேயிலையை வெந்நீரில் இரண்டு நிமிஷம் வைப்பதற்கும் இருபது நிமிஷம் வைப்பதற்கும் உள்ள பேதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த முறையல்ல. இத்தாலியின் வடகிழக்கு மூலையில், பிரியூலி வெனேத்சியா ஜூலியா என்ற மாநிலத்தில், கொரீத்சியா நகரத்தை ஒட்டி ஒஸ்லாவியா என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம் இருக்கிறது. அங்கே ரிபோல்லா ஜால்லா என்ற மஞ்சள் திராட்சை விளைகிறது. தடித்த தோல். பாட்டன் காலத்தில் அதைத் தோலோடுதான் புளிக்க வைத்தார்கள். ஒயின் சீக்கிரம் கெடாமல் இருக்கும் என்பதற்காகச் செய்தது. பின்னால் எவர்சில்வர் தொட்டிகளும் குளிரூட்டும் யந்திரங்களும் வந்தன. சந்தை, தண்ணீர் போலத் தெளிந்த வெள்ளை ஒயினைக் கேட்டது. பழைய முறை பட்டிக்காட்டுத்தனம் என்று கைவிடப்பட்டது.

அந்த ஊரைச் சேர்ந்த யோஷ்கோ கிராவ்னர் என்ற விவசாயி புது முறையில் பேரும் புகழும் பெற்றவர். 1987-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் போய் அங்குள்ள ஒயின்களை வரிசையாக ருசி பார்த்தவருக்கு, தானும் இதே செயற்கைப் பாதையில்தான் போகிறோம் என்று வெறுத்துவிட்டதாம். 1996-ல் ஆலங்கட்டி மழை அவருடைய ரிபோல்லா விளைச்சலில் பெரும்பகுதியை நாசம் செய்தது. மிஞ்சிய கொஞ்சத்தை வைத்துத் தோலோடு ஊறவைக்கும் பழைய முறையைச் சோதித்தார். அதே ஊரில் ஸ்தாங்கோ ராடிகோன் என்பவரும் 1995 வாக்கில் அதே முயற்சியில் இறங்கியிருந்தார். (ராடிகோன் 2016-ல் காலமாகிவிட்டார், மகன் தொழிலை நடத்துகிறார்.)

விளைவு என்ன? பழைய வாடிக்கையாளர்கள் பலர் போனார்கள். நிறம் தப்பு, கலங்கல் தப்பு என்று குறை சொன்னார்கள். அந்த வட்டாரத்துக்குக் கோல்லியோ என்று மதிப்புள்ள ஒரு பெயர் உண்டு. அந்த முத்திரையைத் துறந்து, வெனேத்சியா ஜூலியா என்ற பொதுவான பெயரில்தான் இவர்கள் பாட்டிலை விற்க வேண்டிவந்தது. சொந்த ஊரில், சொந்த முறையில் செய்த பண்டத்துக்கு சொந்த ஊர்ப் பெயர் இல்லை என்பது விந்தைதானே!

கிராவ்னர் அதோடு நிற்கவில்லை. 2000-ல் ஜார்ஜியா நாட்டுக்குப் போனார். அங்கே தேன்மெழுகு பூசிய பெரிய மண் தாழிகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, அதில் திராட்சையைத் தோலோடு போட்டு மூடிவிடுவது ஆதி வழக்கம். க்வெவ்ரி என்று பெயர். அந்த நாட்டில் எட்டாயிரம் ஆண்டுப் பழமையான மண்பாண்டச் சில்லுகளில் திராட்சை ஒயினின் சுவடு கிடைத்திருப்பதாக 2017-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013-ல் மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிராவ்னர் அந்தத் தாழிகளை வரவழைத்து வீட்டு நிலவறையில் புதைத்தார். 2001 அறுவடையிலிருந்து தாழிதான். தோலோடு சுமார் ஆறு மாதம் தாழியில், பிறகு பெரிய மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில். ஒரு பாட்டில் வெளியே வர ஏழாண்டு ஆகிறது. நம் ஊரில் ஏழாண்டு முதலைப் பூட்டிவைக்க எந்த விவசாயிக்கு முடியும் என்று கேட்டால் பதில் இல்லை.

இன்றைக்கு அதே பண்டத்துக்கு நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் கிராக்கி. ஒஸ்லாவியாவின் ரிபோல்லா தயாரிப்பாளர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள். சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு 2020-ல் இவ்வகை ஒயினுக்குத் தனி இலக்கணமே வகுத்துவிட்டது: தோலோடு குறைந்தது ஒரு மாதம் ஊறியிருக்க வேண்டும். பழுது என்று ஒதுக்கப்பட்ட நிறம், இலக்கணத்தில் ஏறிவிட்டது.

சதுக்கம் ஒரு நாட்டில், ஸ்டேஷன் இன்னொரு நாட்டில்

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். கொரீத்சியாவின் வரலாற்றில் என்னைக் கவர்ந்தது அதன் ரயில் நிலையம். ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில், வியன்னாவையும் திரியெஸ்த் துறைமுகத்தையும் இணைக்கும் பாதையில் 1906-ல் கட்டிய அழகான ஸ்டேஷன். முதல் உலகப் போரில் அந்தப் பள்ளத்தாக்கு ரணகளமாகி, ஒஸ்லாவியா தரைமட்டமாயிற்று. 1938-ல் அங்கே எழுப்பிய நினைவு மண்டபத்தில் சுமார் 57 ஆயிரம் போர் வீரர்களின் எலும்புகள் இருக்கின்றன. அந்தக் குன்றுகளைச் சுற்றித்தான் இன்றைய திராட்சைத் தோட்டங்கள்.

போருக்குப் பின் இத்தாலி வசமான அந்தப் பகுதியில் வீட்டில் பேசுவது ஸ்லோவேனிய மொழி. பாசிஸ்டு ஆட்சியில் அந்த மொழிக்குத் தடை. ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் இத்தாலியமாக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947-ல் புது எல்லைக் கோடு போட்டபோது, அது நகரத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஸ்டேஷன் கட்டடம் யூகோஸ்லாவியாவில். ஸ்டேஷன் முன்னாலிருந்த சதுக்கத்தின் ஒரு பகுதி இத்தாலியில். நடுவே வேலி. டிக்கெட் கவுண்டர் ஒரு தேசம், வண்டி நிறுத்தும் இடம் ஒரு தேசம்! ஸ்லோவேனியா ஐரோப்பிய யூனியனில் சேர்ந்த 2004-ல்தான் வேலியை எடுத்தார்கள். 2025-ல் இரண்டு பக்கத்து நகரங்களும் சேர்ந்து ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராக இருந்தன. ரிபோல்லா திராட்சைக்கு அந்தப் பக்கம் ரெபுலா என்று பெயர். பழம் ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் தோழர் காந்தலூரை நினைத்திருக்கிறார். 1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்துக்குப் போனது. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தில் நின்றன. தேவிகுளம் தாலுகாவின் வடகிழக்கு மூலையிலுள்ள அஞ்சுநாட்டு மக்கள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்து, சந்தைக்கு உடுமலைப்பேட்டைக்குப் போகிறார்கள். போர், தடை, முள்வேலி எதுவும் இங்கே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெயர்ப் பலகையில் நாம் காந்தலூர் என்பதை மலையாளத்தில் காந்தல்லூர் என்று எழுதியிருக்கிறது. பழம் ஒன்றுதான் என்று அங்கேயும் சொல்லலாம்.

மலை ஏறினோம்

சென்ற மே மாதம் இரண்டு நாள் விடுப்புப் போட்டு, பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வழி ரயிலில் உடுமலை போய் இறங்கினேன். தோழர் கோவையிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். அங்கிருந்து பஸ். சின்னாறு சோதனைச் சாவடியில் தமிழ்நாடு முடிகிறது. வனவிலங்குச் சரணாலயத்துக்குள் முள்ளும் கள்ளியுமாக வறண்ட காடு. கேரளம் என்றால் கொட்டும் மழை என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பாதையில் ஒருமுறை வரவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்து மழை மறைவுப் பிரதேசம் இது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று நதிகளில் ஒன்றான பாம்பாறு இங்கே ஓடுகிறது. மறையூர் வந்ததும் சந்தனக் காடு, கரும்பு வயல், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் புகை. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறினால் சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில் காந்தலூர். (ராஜராஜ சோழன் கல்வெட்டில் வரும் காந்தளூர்ச் சாலை இது அல்ல. அது திருவனந்தபுரம் பக்கம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பேர் ஒற்றுமையைப் பார்த்துப் பலர் ஏமாறுவதால் சொல்லிவைக்கிறேன்.)

மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி. இந்த ஐந்தும்தான் அஞ்சுநாடு. பல நூற்றாண்டுக்கு முன் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளையும் கேரட்டும். வட்டவடையோடு சேர்த்து இந்த ஊர்ப் பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டங்களில் ஆப்பிள், பிளம்ஸ், பீச், ஆரஞ்சு, பேஷன் புரூட், ஸ்ட்ராபெரி. கேரளத்தில் ஆப்பிள் காய்க்கும் ஊர் என்று பார்க்க வருகிற கூட்டம் ஆகஸ்டு, செப்டம்பரில் அதிகம். 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுக்கான போட்டியில் தங்கப் பரிசு பெற்றது காந்தலூர் ஊராட்சி.

நாங்கள் போனது பிளம்ஸ் பருவம். மரத்தடியெல்லாம் கருஞ்சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது. மிதிக்காமல் நடக்க முடியவில்லை. தோழரின் மாமா முறையுள்ள பெரியவர் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். தலைப்பாகை, முழங்கை வரை மடித்த சட்டை.

"கீழ கெடக்கறத யாருமே பொறுக்கறது இல்லீங்களா மாமா?"

"பொறுக்கி என்ன பண்ண மாப்ளே? பொறுக்குற கூலிக்குக் காணாது. பழுத்தா நாலு நாள். அஞ்சாம் நாள் ஒழுகிரும். காரு போட்டு வர்றவுக வாசல்லயே நல்ல வெல குடுத்து ரெண்டு கிலோ வாங்குறாக. மிச்சம் லாரிக்காரன் சொன்ன வெலதான். அவன் உடுமலையில கொண்டு போயி எறக்குனா அதுக்கப்புறம் அது எந்த ஊருப் பழம்னு ஆரு கேக்கா?"

எந்த ஊர்ப் பழம் என்று யார் கேட்கிறார்கள்? அவர் சொன்ன இந்த வார்த்தை என் மனதில் தைத்தது. நான் பார்சல் பிரிவில் சில வருஷம் இருந்தவன். பெட்டியின் மேல் அனுப்புகிற ஸ்டேஷன் பெயர் இருக்கும். விளைந்த ஊரின் பெயர் இருக்காது. பழத்துக்கு ரசீதில் ஊர் கிடையாது.

கறுத்த வெல்லம் சொல்லும் பாடம்

இதற்கு மாற்று அஞ்சுநாட்டிலேயே இருக்கிறது. மறையூர் வெல்லத்தைப் பார்த்திருப்பீர்கள்: கையால் பிடித்த உருண்டை, கறுத்த பழுப்பு நிறம். கடைக்காரர்கள் ஒரு காலத்தில் இதை இரண்டாம் தரம் என்பார்கள். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால்தான் ஜனங்கள் வாங்கினார்கள். மருந்து போட்டு வெளுக்காததால் வந்த நிறம் இது என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் வெளியூர் வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று விற்கிற கூட்டமும் முளைத்துவிட்டது. அதில் நம் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஏறுகிற சரக்கும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒஸ்லாவியாவின் ஒயினுக்கும் மறையூரின் வெல்லத்துக்கும் நான் காணும் ஒற்றுமை இதுதான்: சந்தை குறை என்று சொன்ன நிறத்தை மாற்றாமல் பிடிவாதமாக நின்றார்கள், அந்த நிறமே அடையாளமாயிற்று.

பழத்தில் அது நடக்குமா? தோழர் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிளம்ஸுக்கும் நிறமும் துவர்ப்பும் தோலில்தான். எனவே தோலோடு ஊறவைக்கும் இத்தாலி முறை இதற்கும் பொருந்தும். கொட்டையை மட்டும் நீக்கிவிட வேண்டும். உள்ளிருக்கும் பருப்பை நசுக்கினால் நச்சுத்தன்மை சேரும். ஒரு சங்கடம் உண்டு. நன்கு பழுத்த ஒயின் திராட்சையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை. பிளம்ஸில் ஏறக்குறைய அதில் பாதி. ஆகவே பழ ஒயினுக்கு வெளியிலிருந்து சர்க்கரை சேர்த்தாக வேண்டும். "சர்க்கரைக்கு எங்கே போவது? பதினைந்து கிலோமீட்டர் கீழே இறங்கினால் மறையூர்!" என்று அவர் பென்சிலைக் கீழே வைத்தார். வெல்லத்தின் வாசனை பழத்தின் வாசனையை அமுக்கிவிடாதா என்று எனக்கு ஒரு சந்தேகம். செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

திராட்சை வேண்டுமென்றால் மலைக்கு இன்னொரு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்தப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. தேனி மாவட்டத்தில் ஒயின் ஆலையும் உண்டு. ஆனால் அங்கே விளைவதில் பெரும்பகுதி கூடைப் பழமாகவே விலைபோகிறது. அந்தத் திராட்சைதான் கேரளத்துக் கிறிஸ்துமஸ் பரணிகளுக்கும் போய்ச் சேருகிறது என்று பாலக்காட்டுப் பழக்கடைக்காரர்கள் சொல்வார்கள்.

இத்தாலி ஒயின் நமக்குப் புதிதும் அல்ல. புறநானூற்றில் 56-ஆம் பாட்டில், யவனர் கப்பலில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டிய மன்னன் அருந்துவதை நக்கீரர் பாடியிருக்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரி ஒயின் ஜாடிகளின் துண்டுகள் அகப்பட்டன. கேரளத்தில் பட்டணம் என்ற இடத்தில் 2007 முதல் நடந்த அகழ்வாய்விலும் அத்தகைய ஜாடிச் சில்லுகள் ஏராளம். மேற்குக் கடற்கரையில் இறங்கிய யவனச் சரக்கு கொங்கு நாட்டுக்குள் போனது பாலக்காட்டுக் கணவாய் வழியாக என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். இன்றைக்கு நான் டிக்கெட் கொடுக்கும் வண்டிகள் அதே கணவாயில்தான் ஓடுகின்றன.

சட்டமும் சம்சாரமும்

வீட்டுப் பரணியில் ஒயின் போடுவது கேரளத்தில் பரம்பரை வழக்கமானாலும் லைசென்ஸ் இல்லாமல் செய்தால் அப்காரி சட்டப்படி குற்றம். 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் கலால் துறை இதை நினைவுறுத்திச் சுற்றறிக்கை விட்டதும் பெரிய சலசலப்பு ஏற்பட்டது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். பிறகு 2022-ல் மாநில அரசு, கேரளத்தில் விளையும் பழங்களிலிருந்து சிறு அளவில் ஒயின் தயாரிக்க உரிமம் தரும் விதிகளைக் கொண்டுவந்தது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2025-ல் "நிளா" என்ற பெயரில் அன்னாசி, வாழைப்பழம், முந்திரிப் பழ ஒயின்களை வெளியிட்டது. இந்த முந்திரி நம் தமிழ் முந்திரி, அதாவது கொட்டைக்கு மேலே இருக்குமே அந்தப் பழம். வாசகர்கள் குழம்ப வேண்டாம்.

விதி வந்தாலும் கட்டடம், சோதனைக் கருவி, பூட்டும் சாவியும், பதிவேடு, அதிகாரிகள் பரிசோதனை எல்லாம் உண்டு. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக நினைத்துப் பார்க்க முடியாது. பத்து இருபது பேர் கூடினால்தான் ஆகும். "கிருஷி பவன்ல கேட்டுப் பாத்தாச்சு தம்பி. பேப்பரு மேல பேப்பரு. ஏலாத காரியம்" என்றார் பெரியவர். முன்னே ஒரு தடவை காய்கறியைக் கூட்டாகக் கொடுத்து, பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்த கதையையும் சொன்னார். அந்த அனுபவத்துக்குப் பிறகு கூட்டு என்றாலே ஊரில் முகம் சுளிக்கிறார்களாம்.

நாங்கள் பேசுவதை எல்லாம் திண்ணை ஓரத்தில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, அதுவரை வாய் திறக்காதவர், அப்போதுதான் பேசினார்.

"ஏந்தம்பி, படிச்ச புள்ளைக நீங்க. இந்த ஊருல ஆம்பளைக குடிக்கிறது போதாதுன்னா பழத்துலயும் காய்ச்சச் சொல்றீக? கூலியில பாதியக் கடையில வச்சுட்டு வாராக. ஒங்க ஒயினு எவனோ ஃபாரின்காரன் குடிப்பான்னு சொல்றீக. நாறிப்போன மிச்சத்த எவன் குடிப்பான்?"

தோழர், இது சாராயம் அல்ல அத்தை, காய்ச்சுவது இல்லை, ஊறவைப்பதுதான், பத்துப் பன்னிரண்டு சதம்தான் போதை என்று ஏதோ விளக்கினார். அந்த அம்மாள் கேட்டதாகத் தெரியவில்லை. "ஜாம் போடுங்க. ஊறுகாய் போடுங்க. வெல்லத்துல பாகு வச்சு வெயில்ல காய வையுங்க. அதுக்கு ஒரு மிசினு வாங்கிக் குடுங்க மொதல்ல" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அந்த அம்மாள் பக்கம் நியாயம் அதிகம் என்றே படுகிறது. ஒஸ்லாவியாவில் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் என்பது நமக்கு மோர் போல. இங்கே அந்தப் பழக்கம் இல்லை. குடி என்றால் சம்பளம் போவது, அடி விழுவது. ஆனால் ஜாம் போட்டாலும் சரி, ஒயின் போட்டாலும் சரி, பழத்தைத் தோட்டத்து ஊரிலேயே பண்டமாக்கி, ஊர்ப் பெயரை அதன் மேல் ஒட்டி அனுப்பாத வரையில் லாரிக்காரர் சொன்னதுதான் விலை என்பதில் பெரியவருக்கும் அம்மாளுக்கும் தகராறு இல்லை. தோழர் மட்டும் உம்மென்று இருந்தார். அடுத்த பருவத்தில் ஒரு சுயஉதவிக் குழுப் பெண்களைப் பார்த்துப் பேசிவிட்டு, முதலில் பாகும் வற்றலும், பிறகு உரிமத்துக்கு மனு என்று அவர் இப்போது திட்டத்தை மாற்றி வைத்திருக்கிறார்.

திரும்பும்போது பெரியவர் ஓர் அட்டைப் பெட்டி நிறையப் பழுத்த பிளம்ஸ் கட்டிக் கொடுத்தார். மறுக்க மறுக்கக் கையில் திணித்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உடுமலையில் வண்டிக்குக் காத்திருந்தபோது மணி மூன்று, நல்ல வெயில். பொள்ளாச்சி தாண்டும்போது பெட்டியின் அடி ஈரமாகி இருந்தது. பாலக்காட்டில் வீட்டுக்கு வந்து மேஜை மேல் வைத்துவிட்டு அசதியில் தூங்கிப் போனேன். மறுநாள் சாயங்காலம் பணியிலிருந்து திரும்பியபோது வாசற்படியிலேயே அந்த வாசனை வந்தது. அடியில் நசுங்கியிருந்த பழங்களைச் சுற்றிச் சாறு தேங்கி, அதன் மேல் சின்னச் சின்ன நுரை. தோலிலேயே ஒட்டிக்கொண்டு வந்த ஈஸ்ட் யாரையும் உரிமம் கேட்காமல் வேலையைத் தொடங்கியிருந்தது. என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு, மேலே நன்றாக இருந்த பாதியை எடுத்து, சர்க்கரை போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டாள். இரண்டு பாட்டில் ஜாம் தேறியது. ஒரு பாட்டிலை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அந்த முந்திரி ஒயின் நண்பர் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, "இது எந்த ஊர்ப் பழம்?" என்று கேட்டார்.